பழகும் காலத்துக்குக் கூலி

முசரவாக்கத்தில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடுகிறது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையில் டிபன் பாக்ஸோடு நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரகடம் பக்கமோ ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ போகிறது. டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நாற்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். பஸ்ஸில் ஏறிய ஒரு பையனைக் காட்டிச் சொன்னார்: “ரெண்டரை வருஷம் நான்தான் கத்துக் குடுத்தேன். கோர்வை கைக்கு வர்ற நேரத்துல பூட்டான்.” குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன் சார். ரெண்டரை வருஷம் அவனுக்குச் சோறு போட்டது யாரு? அவங்கம்மா.”

அந்தக் கடைசி வார்த்தையை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஒரு தொழிலைப் பழகும் காலத்துக்குக் கூலி யார் தருவது? பழகுகிறவனா, பழக்குகிறவனா, பழகி முடித்தபின் அவனை வேலைக்கு வைத்துக்கொள்கிறவனா? பொருளாதார அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துத் தறி மேடையில் அந்தக் கேள்வி தொட்டுப் பார்க்கிற மாதிரி கிடக்கிறது.

கோர்வை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து தைத்தது போல அந்த எல்லை அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஆனால் தையல் கிடையாது. சாதாரணத் தறியில் ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடுகிறது. உடலில் ஓடும் ஊடை இழையே கரைக்குள்ளும் புகுவதால் கரையின் நிறம் கலங்கிவிடும். கோர்வையில் மூன்று நாடா. நடுவில் உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கமும் கரைக்கு ஒவ்வொன்று. உடல் இழை எல்லை வரை வந்து கரை இழையோடு பின்னிக்கொண்டு திரும்பிவிடும். அடுத்த இழையிலும் அப்படியே. சேலையின் நீளம் முழுக்க, ஒவ்வோர் இழையிலும், கரையும் உடலும் கை கோத்துக்கொண்டே வரவேண்டும். பிடி தளர்ந்தால் அங்கே கண் விட்டுப் போகும், இறுகினால் துணி சுருங்கும். ஒரு பக்கத்துக் கரையை நெசவாளர் பார்த்துக்கொள்வார். மறுபக்கத்துக் கரைக்கு இன்னொரு ஆள் உட்கார வேண்டும்.

நான் சொல்ல வருவது அந்த இன்னொரு ஆளைப் பற்றித்தான். காஞ்சிபுரத்தில் பெரும்பாலானோருக்குத் தொழில் பழகத் தனியாக ஓர் இடம் இருந்ததில்லை. அந்தப் பக்கத்து இருக்கைதான் பள்ளிக்கூடம். நூல் சுற்றிக் கொடுப்பதில் தொடங்கி, கரை நாடாவைப் போடக் கற்று, அறுந்த பாவு இழையை முடிச்சுப் போடக் கற்று, பிறகு முந்திக்கு வேறு நிறப் பாவு சேர்க்கும் பேட்னி. அதில் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் பிணைக்க வேண்டும். இதில் எதையும் ஒரு புத்தகத்தில் எழுதி ஒருவருக்குக் கொடுத்துவிட முடியாது. இழுவை எவ்வளவு போதும் என்பது விரலுக்குத்தான் தெரியும். விரலுக்கு அது தெரிய வருஷங்கள் ஆகும்.

அந்த வருஷங்களுக்கு விலை உண்டு. பழகுகிற கையில் கொஞ்சம் பட்டு வீணாகும். அதைவிடப் பெரிய செலவு, பழக்குகிறவரின் வேகம் குறைவது. கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான், நாளுக்கு இவ்வளவு என்று இல்லை. ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை. பழகுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்த பாவு அறுபட நாள் கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கூடுதல் நாட்கள் யாருடைய நோட்டிலும் ஏறுவதில்லை.

இங்கிலாந்தின் ஆர்தர் பிகூ 1912-இலேயே இந்தச் சிக்கலைத் தொட்டார். முதலாளி செலவு செய்து பழக்கிய தொழிலாளி பக்கத்து முதலாளியிடம் போய்விட்டால் செலவு இவருடையது, பலன் அவருடையது. அப்படியானால் யார் பழக்குவார்கள்? 1964-இல் அமெரிக்காவின் கேரி பெக்கர் தம் ‘மனித மூலதனம்’ என்ற நூலில் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். ஒரு கம்பெனிக்குள் மட்டும் உதவும் திறன் ஒரு வகை, எங்கே போனாலும் விலை போகும் திறன் இன்னொரு வகை. முதல் வகைக்குக் கம்பெனி செலவு செய்யும். இரண்டாவது வகைக்குச் செய்யாது. அந்தச் செலவைத் தொழிலாளியே குறைந்த கூலியின் வழியாக ஏற்றுக்கொள்வார் என்பது பெக்கரின் கணக்கு. அவருக்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. முசரவாக்கத்துப் பெரியவர் பெக்கரைப் படித்ததில்லை. ஆனாலும் ‘அவங்கம்மா’ என்று அவர் சொன்னது அதே கணக்குதான். கோர்வை எங்கும் விலை போகும் திறன். ஆகவே அதைப் பழகும் செலவு பழகுகிறவன் வீட்டு அடுப்பில் போய் விழுகிறது.

பெக்கரின் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்த கூலியில் இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடிக்கும் வசதி எந்த வீட்டுக்கு இருக்கிறது? அந்த வசதி இல்லாத வீடுகளில்தான் காஞ்சிபுரத்தின் நெசவு பெரும்பாலும் நடந்தது. பிறகு எப்படி இவ்வளவு பேர் பழகினார்கள்?

விடை இருட்டானது. அதன் பெயர் அட்வான்ஸ். தறி முதலாளி வீட்டுக்கு முன்பணம் கொடுப்பார். கடன் அடையும்வரை அந்த வீட்டுப் பிள்ளை அவருடைய தறியில் உட்கார வேண்டும். பழகிய கை பக்கத்துத் தறிக்குப் போகாமல் கட்டிப்போட்டது அந்தக் கடன்தான். பிகூ கவலைப்பட்ட சிக்கலுக்குக் காஞ்சிபுரம் கண்ட தீர்வு, பிள்ளையின் காலில் கட்டிய கயிறு. கொத்தடிமை முறை 1976-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் குழந்தைக் கொத்தடிமை பற்றி வெளியிட்ட அறிக்கையில் வாரணாசியோடு காஞ்சிபுரமும் இருந்தது. அந்தக் கயிறு அறுந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. இன்னும் மிச்சமிருக்கும் இழையும் அறுபட வேண்டும். ஆனால் கயிறு செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய நேர்மையான வேறொன்றை நாம் வைக்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது. அதற்கு யார் கூலி தருவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பதிவுபெற்ற நிறுவனங்கள் தரலாமே என்று தோன்றும். காஞ்சிபுரத்தில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மாநில அளவில் 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. சங்கத்துக்குக் கணக்குத் தணிக்கை உண்டு, உறுப்பினருக்குச் சேமிப்புத் திட்டம் உண்டு. சரிகை தயாரித்துத் தர அரசின் தமிழ்நாடு சரிகை ஆலையே ஊருக்குள் இருக்கிறது. ஆனால் சங்கம் யாரையும் பழக்கிப் பெரிதாகக் கொண்டுவந்ததில்லை. ஏற்கெனவே நெய்யத் தெரிந்தவரைத்தான் உறுப்பினராகச் சேர்த்தது. சங்கத்தின் பள்ளிக்கூடம் எப்போதும் சங்கத்துக்கு வெளியே, பதிவில்லாத வீட்டுத் தறிகளில்தான் இருந்தது.

உலக வங்கி பல நாடுகளில் கம்பெனிகளிடம் நடத்தும் ஆய்வில் இரண்டு கேள்விகள் உண்டு. பதிவு செய்யாத தொழில்களோடு உங்களுக்குப் போட்டி இருக்கிறதா? உங்கள் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு முறையான பயிற்சி தருகிறீர்களா? இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் பதில் இரண்டாவது பதிலை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று யோசிக்கலாம். யோசித்தால் இரண்டு திசையும் சாத்தியம். அதுதான் இதில் எனக்கு அழகாகப் படுவது.

ஒரு திசை எல்லோருக்கும் உடனே தெரியும். வரி கட்டாத, சேமநல நிதி கட்டாத போட்டியாளர் விலையை இறக்குகிறார். பதிவுபெற்ற நிறுவனத்தின் லாபம் மெலிகிறது. செலவுக் கணக்கில் எதை வெட்டினால் இன்றைக்கு வலிக்காது என்று தேடும்போது முதலில் கைக்குச் சிக்குவது பயிற்சி. மெஷினை விற்றால் நாளைக்கே உற்பத்தி நிற்கும். பயிற்சியை நிறுத்தினால் ஐந்து வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இன்னொரு திசை பிலிப் அகியோனும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. போட்டிக்கும் புதுமைக்கும் உள்ள உறவு கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்றது என்றார்கள் அவர்கள். போட்டி கொஞ்சம் ஏறினால், எதிராளியிடமிருந்து தப்பி ஓட நிறுவனங்கள் தங்களை உயர்த்திக்கொள்ளும். அளவுக்கு மீறினால் ஓடுவதற்குத் தெம்பே இருக்காது. அகியோனுக்கு 2025-இல் நோபல் கிடைத்தது. அவர்கள் பார்த்தது புதுமையை. ஆனால் பயிற்சிக்கும் அந்தக் கிண்ணம் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எதிராளியால் செய்ய முடியாததைச் செய்ய வேண்டுமானால் உங்கள் ஆளுக்குக் கூடுதலாகக் கற்றுத்தரத்தான் வேண்டும்.

காஞ்சிபுரத்தில் ‘எதிராளியால் செய்ய முடியாதது’ எது? மூன்று நாடாக் கோர்வைதான். விசைத்தறி ஒரே வேகத்தில் ஒரே இழுப்பாக ஓடும் மெஷின். எல்லையில் நின்று, பின்னி, திரும்பும் பொறுமை அதற்கு எளிதில் வராது. அப்படியானால் விசைத்தறிப் போட்டி ஏற ஏறக் கோர்வைக்கு மதிப்பு ஏறியிருக்க வேண்டும், கோர்வை பழக்குவதும் பெருகியிருக்க வேண்டும். அகியோனின் கிண்ணத்தில் ஏறுமுகமான பக்கம் அது. ஏன் அப்படி நடக்கவில்லை?

காரணம் கடைக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது. கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பத்தின் முன் இரண்டு சேலைகள் விரிக்கப்படுகின்றன. ஒன்று கோர்வை, ஒன்று கோர்வை போலத் தோன்றுவது. பளபளப்பு ஒன்றுதான், கட்டமும் மயிலும் ஒன்றுதான். விலை மட்டும் வேறு. சேலையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தால் கோர்வையில் இரண்டு நிற இழைகளும் பல் பல்லாகக் கோத்திருப்பது தெரியும். எத்தனை பேர் திருப்பிப் பார்க்கிறார்கள்? 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியது இதைத்தான். வாங்குகிறவருக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் அவர் இரண்டுக்கும் நடுவான விலையைத்தான் தருவார். அந்த விலையில் நல்லதை விற்கக் கட்டாது. நல்லது சந்தையை விட்டு வெளியேறும். அகெர்லாஃப் சொன்னதில் நான் சேர்க்க விரும்புவது ஒன்று. நல்ல பொருள் வெளியேறும்போது, அதைச் செய்யக் கற்றுத்தரும் வழக்கமும் அதோடு வெளியேறுகிறது. பொருளை மறுபடி சந்தைக்குக் கொண்டுவரலாம். வழக்கத்தை அப்படிக் கொண்டுவர முடியாது.

அரசுகள் இதை அறியாமல் இல்லை. 1985-இல் மத்திய அரசு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. கரையும் வடிவமும் கொண்ட சேலைகள் உட்படச் சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்றது. விசைத்தறிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு என்பது, திருப்பிப் பார்க்காதவருக்காக வேறொருவர் திருப்பிப் பார்த்து முத்திரை வைப்பது. அகெர்லாஃபின் நோய்க்குச் சரியான மருந்துதான். ஆனால் முத்திரையால் கூடும் விலை கடையில் நிற்கிறதா, சங்கத்தில் நிற்கிறதா, தறி வரை இறங்குகிறதா என்பது வேறு விஷயம். தறி வரை இறங்கினாலும் அது நெய்து முடித்த சேலைக்கான கூலியாகத்தான் இறங்குகிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகுகிறவனின் கைக்கு அது வருவதற்கு எந்த வழியும் இல்லை.

இந்த ஊருக்கு ஒரு பழைய நினைவு உண்டு. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்றில் கச்சிப்பேட்டின் (காஞ்சிபுரத்தின் பழைய பெயர்) நெசவாளர்களான பட்டசாலியர் வருகிறார்கள். அவர்களுடைய நான்கு குடியிருப்புகள் குறிக்கப்படுகின்றன. ஊரகத்துப் பெருமாள் கோயில், இன்றைக்கு உலகளந்த பெருமாள் கோயில் என்கிறோமே, அதன் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கோயில் கணக்கை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அமைப்பாக இருந்தவர்கள் தங்கள் தொழிலையும் தெருவாக நின்றே காத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஒரு தெருவே சேர்ந்து நிற்கும்போது, பழகியவன் பக்கத்து வீட்டுக்குப் போனாலும் இழப்பில்லை. பக்கத்து வீடும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறது.

இன்றைக்குப் பக்கத்து வீடு எது? முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஏசி போட்ட தொழிற்சாலை. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடிக்கொண்டு போனது. போனாலும் மற்றவை வந்துகொண்டே இருந்தன. முதல் மாதத்திலிருந்தே சம்பளம் தரும் இடம் எதிரில் இருக்கும்போது, மூன்று வருஷம் கழித்துச் சம்பாத்தியம் தரும் இருக்கையில் யார் உட்காருவார்கள்? நாட்டின் கைத்தறிக் கணக்கெடுப்புகளில் இதன் சாயல் தெரியும். 2009-10-இல் கைத்தறி நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சேர்ந்து 43 லட்சம். 2019-20-இல் 35 லட்சம்.

ஆனால் அந்தத் தொழிற்சாலைப் பக்கமும் இதே கேள்வி வேறு உருவத்தில் இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள சிறு லேத் பட்டறைகளில் எண்ணெய்க் கையோடு கற்ற பையன்கள்தான் பிறகு பெரிய கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அமைப்புசாராத் தொழிலைப் போட்டியாளராக மட்டும் பார்ப்பது அரைப் பார்வை. பல இடங்களில் அதுதான் ஆசிரியர். ஆள் இழுத்துக்கொள்ளும் திருட்டு இரண்டு பக்கமும் நடக்கிறது. பட்டறைக்காரர் பழக்குகிறார், கம்பெனி அறுவடை செய்கிறது. விலைப் போட்டியில் அந்தப் பட்டறை நசுங்கினால், கம்பெனி தன்னுடைய ஆசிரியரையும் சேர்த்து இழக்கிறது.

பழக்கினால் போய்விடுவார்கள் என்ற பயம் எப்போதும் உண்மையாகிறதா? பெங்களூரில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளிகளுக்குப் பேசுதல், நேரம் வகுத்தல், முடிவெடுத்தல் போன்றவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நியாஷாதம் ஆகிய மூவரும் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து விளைவை அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் வேலையில் முந்தினார்கள். சில மாதங்களிலேயே பயிற்சிச் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கம்பெனிக்கு லாபமாகத் திரும்பியது. பயிற்சி பெற்றவர்கள் கூட்டமாக வேலையை விட்டு ஓடவும் இல்லை. எனக்கு உறுத்துவது அடுத்த தகவல்: அவர்களுடைய சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. டாரன் அசெமோக்லுவும் யோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேயும் ஜெர்மனியின் தொழில் பழகுநர் முறையை ஆராய்ந்து 1990-களில் சொன்னது இதுதான். திறன் ஏறும் அளவுக்குச் சம்பளம் ஏறாத இடத்தில்தான் கம்பெனிகள் மனமுவந்து பழக்கும். அந்த இடைவெளிதான் பழக்குவதற்கான கூலி. காஞ்சிபுரத்தில் அந்த இடைவெளியே இல்லை. கோர்வை கைக்கு வந்த அன்றைக்கே அதன் விலை பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

சிங்கப்பூர் 1979-இல் வேறொரு வழி கண்டது. எல்லா முதலாளிகளும் சம்பளக் கணக்கின்படி திறன் மேம்பாட்டுத் தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பணம் ஒரு நிதியில் சேரும். பயிற்சி தருகிறவர் அதிலிருந்து உதவி பெறலாம். ஆளை இழுத்துக்கொள்கிறவரும் தம் பங்கைக் கட்டியிருப்பார். நம் நாட்டில் 1961-இன் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. இன்றைய விதிப்படி முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தறி உள்ள வீடு இந்தக் கணக்குக்குள் எப்போது வரும்? தீர்வை கட்ட மாட்டாதவர்கள்தான் இங்கே பெரும்பான்மை. பழக்கத் தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

ஆகவே நான் கேட்பது சின்னது. சங்கமும் கோ-ஆப்டெக்ஸும் பெரிய ஜவுளிக்கடைகளும் புவிசார் முத்திரை வைத்த ஒவ்வொரு சேலையின் விலையிலிருந்தும் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பதினெட்டு வயது தாண்டி விரும்பி வந்து பக்கத்து இருக்கையில் உட்காருகிறவருக்கு அதிலிருந்து மாதக் கூலி போக வேண்டும், பழக்குகிறவரின் தாமதத்துக்கும் ஈடு போக வேண்டும். சில வார வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதால் கோர்வை வராது. வருஷங்களுக்குப் பணம் தர வேண்டும்.

டீ குடித்து முடித்ததும் பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகப் பாதிச் சேலை நின்றது. மறுபக்கத்து இருக்கையில் இப்போது அவர் மனைவி உட்காருகிறார். மதியத்துக்கு மேல் அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அதனால் வேலை காலையில் மட்டும். பெரியவர் பாவின் மேல் விரலை ஓட்டிக் கரை சேரும் இடத்தைக் காட்டினார். ஒரு சாண் தூரத்துக்குப் பின்னல் கொஞ்சம் வேறு மாதிரி, இன்னும் இறுக்கமாக இருந்தது. யார் போட்டது என்று கேட்டேன்.

“போன ஞாயித்துக்கெழம அவனுக்கு லீவு. வந்து ஒரு மணி நேரம் ஒக்காந்தான். கை மறக்கல.”